பரண் புத்தகங்களுக்கு ஒரு வீட்டு ஸ்கேனர்

பழைய புத்தகத்தை மின்னூலாக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் தேடிப்போவது அலுவலகங்களில் இருக்கும் தட்டை ஸ்கேனரை. புத்தகத்தை முழுக்க மலர்த்தி, கவிழ்த்துவைத்து, மேலிருந்து அழுத்தினால்தான் அதில் பக்கம் ஒழுங்காக விழும். பழுப்பேறிய தாளுக்கு அந்த அழுத்தம் தாங்காது. பாதி நூல் முடிவதற்குள் முதுகுக் கட்டு விட்டுப்போகும். தாள் ஓரங்கள் அப்பளமாக நொறுங்கும்.

இதற்கு மாற்று, ‘வி’ வடிவத் தொட்டில் ஸ்கேனர். புத்தகத்தைக் கையில் வைத்துப் படிக்கும்போது எந்த அளவுக்கு விரிப்போமோ அந்த அளவுக்கே விரித்தால் போதும். அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் டேனியல் ரீட்ஸ் என்பவர் கழிவுப் பொருட்களையும் மலிவு விலைக் கேமராக்களையும் கொண்டு இதைச் செய்து, செய்முறையை 2009-இல் எல்லோருக்கும் பொதுவில் வைத்தார். அதன் எளிய வடிவம் ஒன்றைப் பெரம்பலூர்க் கடைகளில் கிடைக்கும் பொருட்களால் செய்து, பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டங்களிலும் வீடுகளுக்கே எடுத்துச்சென்று பயன்படுத்திப் பார்த்தேன்.

இந்தப் பகுதிக்கு இது ஏன் வேண்டும்?

உ.வே.சாமிநாதையர் சிறு வயதில் தமிழ் கற்றது இந்த மண்ணில்தான். அரியலூரில் சடகோபையங்கார், குன்னத்தில் சிதம்பரம் பிள்ளை, கார்குடியில் கஸ்தூரி ஐயங்கார், செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியார் என ஊர் ஊராகப் போய்ப் பாடம் கேட்டதை ‘என் சரித்திரம்’ நூலில் விரிவாகவே எழுதியிருக்கிறார். பிற்காலத்தில் சுவடி தேடி அவர் அலைந்ததும் வீடு வீடாகத்தான்.

இன்றும் இங்கே அரிய அச்சுப் புத்தகங்கள் பல வீடுகளில்தான் இருக்கின்றன. தலபுராணம், குடமுழுக்கு மலர், பள்ளி ஆண்டு மலர், தாத்தா பைண்டு செய்துவைத்த பத்திரிகைத் தொடர்கதை என்று பரணில் கிடப்பவற்றைத் தேடி எந்தப் பெரிய நிறுவனமும் வரப்போவதில்லை. “இங்கேயே வெச்சுப் பாத்துட்டுக் குடுத்துடுங்க தம்பி” என்பார்கள் வீட்டுப் பெரியவர்கள். அவர்கள் தயங்குவதில் நியாயம் இருக்கிறது. இரவல் போன புத்தகம் திரும்பி வந்த வீடுகள் குறைவு. ஆகவே கருவிதான் புத்தகத்தைத் தேடிப் போக வேண்டும்.

அமைப்பு

இரண்டு பிளைவுட் பலகைகள் ஏறத்தாழ 100 பாகையில் சேர்ந்ததுதான் தொட்டில். பக்கம் புரளப் புரளப் புத்தகத்தின் முதுகு ஒரு பக்கமாக நகரும். அதற்கு ஈடுகொடுக்கத் தொட்டிலின் அடியில் மேசை இழுப்பறைக்குப் போடும் சேனல் ஒரு ஜோடி. மேலே அதே கோணத்தில் இரண்டு கண்ணாடித் துண்டுகள். இதைப் பக்கங்களின் மேல் இறக்கினால் தாளின் வளைவு நிமிர்ந்துவிடும். அக்ரிலிக் தகடு வேண்டாம். சீக்கிரம் கீறல் விழும், துடைக்கத் துடைக்கத் தூசியை இழுக்கும். படச் சட்டத்துக்குப் போடும் கண்ணாடியே போதும். விளிம்பைக் கடையிலேயே மழுக்கித் தரச் சொல்ல வேண்டும்.

படமெடுக்க இடப் பக்கத்துக்கு ஒன்று, வலப் பக்கத்துக்கு ஒன்று என இரண்டு கைபேசிகள். ஒன்றுதான் இருக்கிறது என்றால் முதலில் வலப் பக்கங்களை எல்லாம் எடுத்துவிட்டு, பிறகு இடப் பக்கங்களை எடுக்கலாம். கைபேசிகள் நீங்கலாகச் செலவு 3,000 ரூபாயை ஒட்டி வரும். கழற்றி மாட்டும்படி நட்டு, போல்ட்டால் இணைத்தால் பேருந்திலும் கொண்டுபோகலாம்.

கைபேசி பக்கத்துக்கு நேர் செங்குத்தாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி போதும். அதைத் தொட்டில் பலகைமேல் வைத்துக் கேமராவைத் திறந்தால், திரையின் நட்டநடுவில் கேமராவின் கண்ணே தெரிய வேண்டும். விலகித் தெரிந்தால் எழுத்துகள் ஒரு பக்கம் சிறுத்து, மறுபக்கம் பருத்து விழும்.

படத் தரம்

12 மெகாபிக்சல் படத்தின் நீளவாட்டில் சுமார் 4,000 புள்ளிகள் இருக்கும். டெம்மி அளவுப் பக்கத்தின் உயரம் எட்டரை அங்குலம். சுற்றிலும் கொஞ்சம் இடம் விட்டு எடுத்தாலும் அங்குலத்துக்கு 400 புள்ளிகள் கிடைக்கின்றன. படத்திலுள்ள எழுத்தைப் படித்துத் தரும் எழுத்துணரி மென்பொருளுக்கு 300 போதும். தமிழுக்கு இந்தக் கணக்கு மிக முக்கியம். மெய்யெழுத்தின் புள்ளி அச்சில் அரை மில்லிமீட்டர் என்றால், 300-இல் அது ஆறு படப்புள்ளி அகலம். 150-இல் வெறும் மூன்று. குவியம் சற்றுப் பிசகினாலும் ‘க்’ என்பது ‘க’ ஆகிவிடும். ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் உள்ள வேறுபாடும் கலங்கிப்போகும். எகர ஏகாரத்தை அப்படிப் பிரித்துக் காட்டிய பெருமை தமிழுலகில் வீரமாமுனிவருக்கு உரியது. அவர் வாழ்ந்து பணியாற்றிய ஏலாக்குறிச்சி அரியலூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது.

மலிவான எல்இடி விளக்கை வீட்டு மின்சாரத்தில் எரித்தால் படத்தில் கறுப்புப் பட்டைகள் ஓடும். மின்னோட்டத்தோடு சேர்ந்து விளக்கு நொடிக்கு 100 முறை துடிப்பதே காரணம். பவர் பேங்கில் எரியும் யுஎஸ்பி விளக்குக்கு மாறியதும் பட்டைகள் மறைந்தன. மின்தடை பற்றிய கவலையும் போயிற்று. விளக்கைப் புத்தகத்தின் நேர் மேலே, உயரத்தில் வைத்தால் கண்ணாடியின் பளபளப்பு கேமராவில் விழாது.

வேகம் திருப்தி தருகிறது. ஒருவர் கண்ணாடியைத் தூக்க, இன்னொருவர் தாளைப் புரட்ட, 200 பக்க நூல் அரை மணி நேரத்துக்குள் முடிகிறது.

மென்பொருள்

படங்களை நேராக்கவும் ஓரம் வெட்டவும் ‘ஸ்கேன் டெய்லர்’ என்ற இலவச மென்பொருள் நன்றாக உழைக்கிறது. அதில் ஒன்றில் மட்டும் கவனம் தேவை. கறைப்புள்ளி நீக்கும் வசதியைக் கூட்டி வைத்தால் மெய்யெழுத்துப் புள்ளிகளையும் கறையென்று துடைத்துவிடும். அதைக் குறைந்த அளவிலேயே வைக்க வேண்டும். தூசி இதற்கு நேர்மாறான தொல்லை. சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடும் அரியலூர்ச் சாலையோர வீடுகளில் சற்று நேரத்தில் கண்ணாடியில் தூசித் துகள் படிகிறது. அந்தத் துகள் எழுத்தின் தலைக்குமேல் விழுந்தால் இல்லாத புள்ளி முளைக்கும். சில பக்கங்களுக்கு ஒருமுறை மென்துணியால் துடைப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

எழுத்துணரியாக டெசராக்ட் பயன்படுத்தினேன். தெளிவான புதிய அச்சில் நன்றாகவே படிக்கிறது. ‘ர’வையும் துணைக்காலையும் மாற்றிப் படிப்பது அடிக்கடி நேர்கிறது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய நூல்களில் நன்றாகவே தடுமாறுகிறது. யானைத் தும்பிக்கை போல வளைந்த பழைய ‘லை’, ‘னை’, சுழி சேர்ந்த பழைய ‘றா’, ‘னா’ எல்லாம் வேறு எழுத்துகளாக மாறி வருகின்றன. அந்த நூல்களுக்கு ஆள் உட்கார்ந்து மெய்ப்பு பார்ப்பதைத் தவிர இப்போதைக்கு வழியில்லை. இந்தக் கருவியின் பெரிய குறை அதுதான். பழைய நூல்களுக்காகச் செய்ததால் அந்தக் குறை இன்னும் உறுத்துகிறது. ஆனாலும் படம் பத்திரமாக இருந்தால், எழுத்துணரி தேறும் நாளில் மறுபடி ஓட்டிக்கொள்ளலாம்.

யாருக்கு ஏற்றது?

முதுகு மிக இறுகத் தைத்த நூல்களில் உள்ளோர எழுத்துகள் கண்ணாடி இணையும் இடத்தில் மறைகின்றன. செய்தித்தாள் அளவுக்கு இந்தத் தொட்டில் போதாது. பத்துப் பன்னிரண்டு பக்கம் மட்டும் வேண்டுவோருக்குக் கைபேசிச் செயலியே போதும். ஒரு ஊரின் அச்சு நினைவைக் காப்பாற்ற நினைக்கும் வாசகர் வட்டம், பள்ளித் தமிழ் மன்றம், கிளை நூலகம் ஆகியவற்றுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

பொதுவில் ஏற்றும் முன் உரிமையைப் பாருங்கள். இந்தியாவில் ஆசிரியர் மறைந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள் பதிப்புரிமை உண்டு. 1942-இல் மறைந்த உ.வே.சா.வின் வாழ்நாளில் வெளிவந்த எழுத்துகள் 2003 முதல் பொதுச் சொத்து. உரிமை தீர்ந்தவற்றை இன்டர்நெட் ஆர்க்கைவில் ஏற்றி, விக்கிமூலத்தில் மெய்ப்புக்கு வைக்கலாம். உரிமை தீராதவற்றையும் படமெடுத்து, ஒரு படியை அந்த வீட்டாரிடமே கொடுத்துவிடுங்கள். கரையான் உங்கள் சட்டக் கணக்கு முடியும்வரை காத்திருக்காது.