கொரியாவில் டேட்டிங் ஆப்: பணத்துக்கு முன்னால் ஒரு பூட்டு

கொரியர்களோடு பழக இலவச ஆப் எது என்று கேட்பவர்கள், விலையைப் பார்ப்பதற்கு முன்பு கையில் இருக்கும் சிம் கார்டைப் பார்க்க வேண்டும். அது யார் பெயரில் இருக்கிறது? சுற்றுலாப் பயணிகளுக்கு விமான நிலையத்தில் தரும் சிம்மா, குடியிருப்பு அட்டையைக் காட்டி உங்கள் பெயரிலேயே எடுத்த இணைப்பா? எந்த ஆப் உங்களை உள்ளே விடும் என்பதைப் பெரும்பாலும் இதுதான் முடிவு செய்கிறது.

கொரிய நிறுவனங்கள் உருவாக்கிய பல டேட்டிங் ஆப்கள் 'பொனின் இன்ஜுங்' எனப்படும் ஆளடையாளச் சரிபார்ப்பைக் கேட்கின்றன. பெயர், பிறந்த தேதி, கைபேசி நிறுவனத்தில் பதிவான எண் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தியாக வேண்டும். நம்மவர்கள் அதிகம் திணறும் இடம் இது. குடும்பப் பெயர் என்று தனியாக ஒன்று இல்லாமல், அப்பா பெயரும் சேர்ந்து பாஸ்போர்ட்டில் நீளமாக நிற்கும் பெயர், கைபேசிக் கடையில் வேறு வரிசையில் பதிவாகியிருக்கலாம். ஓர் இடைவெளி மாறினாலும் சரிபார்ப்பு தோற்றுப்போகும். கைபேசி நிறுவனத்தில் எப்படிப் பதிவாகியிருக்கிறது என்று கேட்டு, எழுத்து பிசகாமல் அப்படியே தட்டச்சு செய்வதுதான் வழி.

எரிச்சலூட்டினாலும் நான் இந்தப் பூட்டுக்கு ஆதரவானவன். முன்பின் தெரியாதவர்களைப் பேசவைக்கும் அரட்டை ஆப்கள் வழியே சிறுவர் சிறுமியர் பாலியல் சுரண்டலுக்கு ஆளானதால்தான் 2020 டிசம்பரில் அரசு விதியை இறுக்கியது. ஆளடையாளச் சரிபார்ப்பு, உரையாடலைச் சேமிக்கும் வசதி, புகார் வசதி ஆகியவை இல்லாத அரட்டை ஆப்களைச் சிறாருக்குத் தீங்கானவை என்று அறிவித்தது.

பூட்டைத் திறந்து உள்ளே போனால் அடுத்த தடை மொழி. அமாண்டா, கிளாம், விப்பி, நாள்தோறும் நண்பகலில் அறிமுகங்களைக் காட்டிப் பெயர் வாங்கிய 'நண்பகல் டேட்' எல்லாம் முதன்மையாகக் கொரிய மொழி பேசுபவர்களுக்காகச் செய்யப்பட்டவை. உயரம், மதம், குடிப்பழக்கம், எம்.பி.டி.ஐ. ஆளுமை வகை வரை விவரங்களை அடுக்கச் சொல்வது அங்கே வழக்கம். அமாண்டாவில் நுழைய, ஏற்கெனவே இருக்கும் உறுப்பினர்கள் உங்கள் படத்துக்கு மதிப்பெண் போடுவார்கள். ஐந்துக்குக் குறைந்தது மூன்று தேற வேண்டும். ஒருவரின் முகத்துக்கு மார்க் போடும் ஏற்பாட்டை என்னால் ஏற்க முடியவில்லை. கொரிய மொழியைச் சரளமாக வாசிக்க வராதவர்கள் இந்த வரிசையையே விட்டுவிடலாம்.

மிஞ்சுவதில் முதல் இடம் டிண்டருக்கு. வெளிநாட்டு எண்ணிலும் பதிவு செய்யலாம், ஆங்கிலத்தில் இயங்கும், இருவரும் விரும்பினால் பேசக் காசு இல்லை. விருப்பம் தெரிவிக்க ஓர் அளவு உண்டு. உங்களை விரும்பியவர் யார் என்று உடனே பார்க்கவும், இருக்கும் ஊரைவிட்டு வேறு ஊரில் தேடவும் சந்தா கட்ட வேண்டும். அதாவது சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ உட்கார்ந்து சியோலில் ஆள் தேடுவது பணம் கேட்கும் வேலை. சியோலில் இறங்கிவிட்டால் அதே தேடல் இலவசம்.

ஊரைப் பொறுத்து அனுபவமும் மாறுகிறது. சியோலின் ஹாங்தே பக்கம் டிண்டரைத் திறந்தால் ஆங்கிலம் கலந்து எழுதும் கொரிய மாணவர்கள் வரிசையாக வந்தார்கள். புலம்பெயர் தொழிலாளர்கள் நிறைந்த அன்சானில் திறந்தால் என்னைப் போன்ற வெளிநாட்டவரே அதிகம் தென்பட்டார்கள். வேலை அனுமதித் திட்டத்தில் இலங்கையிலிருந்து வந்து இப்படிப்பட்ட தொழிற்பேட்டை ஊர்களில் இருப்பவர்கள், தூர எல்லையைச் சற்று விரித்து வைத்துக்கொள்ளுங்கள். அன்சானிலிருந்து சியோலுக்கு நான்காம் தடச் சுரங்க ரயில் நேரே போகிறது.

அறிமுகத்தில் இரண்டு வரியாவது கொரிய மொழியில் எழுதுங்கள். பிறந்த ஆண்டையும் போடுங்கள். 2023 ஜூனில் சட்டப்படி வயதுக் கணக்கை உலக வழக்குக்கு மாற்றிவிட்டாலும், எப்படி மரியாதை கொடுத்துப் பேசுவது என்று தீர்மானிக்க இன்னும் பிறந்த ஆண்டைத்தான் கேட்கிறார்கள்.

பம்பிளும் இலவசமாகவே ஓடும். ஆண்–பெண் இணைப்பில் உரையாடலின் தொடக்கம் பெண்ணின் கையில் என்பது அதன் அடிப்படை விதி. அந்த ஒரு காரணத்துக்காகவே பெண் வாசகர்களுக்கு இதை முதலில் சொல்வேன்.

ஹலோ டாக், டேண்டம் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். கொரியர்களோடு இலவசமாகப் பேச இவற்றைவிட எளிய வழி இல்லை. ஆனால் இவை மொழிப் பரிமாற்றத்துக்கான ஆப்கள். காதல் தேட வராதீர்கள் என்று அவற்றின் விதிகளே சொல்கின்றன. ஆங்கிலம் பழக வந்த ஒரு பெண்ணுக்கு வணக்கத்தோடு சேர்த்து 'தனியாகச் சந்திக்கலாமா' என்று அனுப்புவது தொல்லை. அப்படிப்பட்ட செய்திகளால் கற்க வந்தவர்கள் கணக்கை மூடிவிட்டுப் போகிறார்கள். நட்பு மட்டும் போதும் என்பவர்களுக்குக் கொரியாவிலேயே உருவான மீஃப் இருக்கிறது. கொரியர்களும் வெளிநாட்டவரும் பழகவென்றே செய்யப்பட்டது அது.

மொழிபெயர்ப்புக்கு நேவர் நிறுவனத்தின் பபாகோ ஆப் போதும். ஆங்கிலத்திலிருந்து கொரிய மொழிக்கு மாற்றும்போது மரியாதை நடைக்கான பொத்தான் ஒன்று இருக்கும். அதை அழுத்திவிட்டே அனுப்புங்கள். முதல் நாளே 'நீ' என்று அழைத்தால் நமக்கு எப்படி இருக்கும்?

பேச்சு நன்றாகப் போனால் அது கொரியர்களின் அரட்டை ஆப்பான காகாவோ டாக்குக்கு மாறுவது சகஜம், அதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. ஆனால் முகத்தைக் காட்டாமல் வாரக்கணக்கில் உருகிப் பேசிவிட்டு, கிரிப்டோ முதலீட்டையோ அவசரப் பணத் தேவையையோ எடுப்பவர் மோசடிக்காரர். அந்த இடத்திலேயே துண்டித்துவிடுங்கள். பாஸ்போர்ட், குடியிருப்பு அட்டைப் படங்களை யாருக்கும் அனுப்பாதீர்கள். முதல் சந்திப்பைப் பகலில், சுரங்க ரயில் நிலையத்தை ஒட்டிய காபிக் கடையில் வையுங்கள். ஆபத்து என்றால் போலீஸ் எண் 112, விசா தொடர்பான குழப்பம் என்றால் குடிவரவு உதவி எண் 1345.

துணை தேடுபவர்களுக்கு டிண்டரின் இலவசப் பதிப்பே போதும், பெண்களுக்குப் பம்பிள். முதல் மாதத்திலேயே எதற்கும் சந்தா கட்டாதீர்கள். அந்தப் பணத்தில் ஒரு கொரிய மொழிப் பாடநூல் வாங்குங்கள்.