உப்பு மாளிகை

பிரெஞ்சுக்காரர் 'ஓத்தெல்' என்று சொல்லும்போது நமக்கு இட்லியும் காப்பியும் ஞாபகத்துக்கு வந்தால் அது நம் குற்றமல்ல. பதினேழாம் நூற்றாண்டுப் பாரிஸில் அந்த வார்த்தைக்குப் பெரிய மனிதரின் நகரத்து வீடு என்றுதான் பொருள். தெருப்பக்கம் உயர்ந்த வாசல், உள்ளே முற்றம், முற்றத்துக்கும் பின்புறத் தோட்டத்துக்கும் நடுவே வீடு. செல்வத்தைத் தெருவில் போகிறவனுக்குக் காட்டவும் கூடாது, உள்ளே அழைக்கப்பட்டவன் அதை மறக்கவும் கூடாது என்ற இரண்டு ஆசைகளுக்கும் இடம் கொடுத்த அமைப்பு அது.

மாரே பேட்டையிலுள்ள 'ஓத்தெல் சாலே' 1656-ல் ஆரம்பித்து மூன்று நான்கு வருஷங்களில் எழும்பியது. கட்டுவித்தவர் பியேர் ஓபேர், உப்பு வரி வசூலில் கொழுத்த ஆசாமி. 'சாலே' என்றால் உப்பிட்டது. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்கிறோம் நாம். பாரிஸ் ஜனங்கள் உப்புக்கு வரி பிடுங்கியவரை நினைத்தார்கள். அதுவும் அவர் பெயரைச் சொல்லி அல்ல. முந்நூறு வருஷத்துக்கு மேல் நிலைத்த கேலி வேறு எத்தனை இருக்கும்?

கட்டடக் கலைஞர் ழான் பூலியேயின் கெட்டிக்காரத்தனம் முழுவதும் படிக்கட்டில் இருக்கிறது. பிளாரன்ஸ் நூலகத்துக்கு மைக்கேலாஞ்சலோ வகுத்த படிக்கட்டைத் தழுவியது என்று கலை விமர்சகர்கள் சொல்லுகிறார்கள். தழுவல் என்றால் நாம் முகம் சுளிக்கிறோம். இந்தத் தழுவலில் உயிர் இருக்கிறது. ஏறுகிறவனை மேல்தளத்தில் இருப்பவர்கள் பார்த்துக்கொண்டே இருக்கலாம். நாடக மேடையைச் சுவருக்குள் வைத்துக் கட்டியதுபோல் இருக்கிறது. மார்ஸி சகோதரர்களும் மார்த்தென் தேழார்தேனும் செதுக்கிய உருவங்கள் சுற்றிலும் நெருங்கி நிற்கின்றன. கொஞ்சம் அதிகம்தான். புதுப் பணக்காரர் வீட்டில் அது இல்லாவிட்டால்தான் ஆச்சரியம்.

ஓபேருக்கு அந்தப் படியில் ஏறி இறங்கக் கொடுத்துவைத்த காலம் சொற்பம். 1661-ல் நிதி மந்திரி பூக்கே கைதானபோது அவரைச் சார்ந்தவர்களும் சரிந்தார்கள். பிறகு வீடு பல கைகளில் புரண்டது. வெனிஸ் தூதர் குடியிருந்தார். புரட்சியின்போது பறிமுதலான புத்தகங்களை அடுக்கும் கிடங்காயிற்று. 1815-ல் அங்கே நடந்த பள்ளியில் ஒரு பையன் படித்தான். பின்னால் பால்ஸாக் என்று உலகம் அறிந்த பையன். 1829 முதல் 1884 வரை இஞ்சினீயர்களை உண்டாக்கும் கல்லூரி. அப்புறம் வெண்கலச் சாமான் செய்பவர் ஒருவரின் தொழிற்கூடம்.

1964-ல் பாரிஸ் நகரசபை வாங்கிற்று. 1968-ல் பாதுகாக்கப்பட்ட சின்னமாயிற்று. 1974-ல் தொடங்கிய திருப்பணியில், பின்னால் வந்தவர்கள் செய்த மாற்றங்களை விலக்கி ஓபேர் காலத்து விசாலத்தை மீட்டார்கள்.

இங்கேதான் எனக்கு நிபுணர்களோடு மனத்தாங்கல். தடுப்புகள் போனதால் கூடங்களின் அளவு தெரிகிறது, படிக்கட்டு மூச்சு விடுகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஓபேர் அனுபவித்தது சில வருஷம். மாணாக்கர்கள் இருந்தது அரை நூற்றாண்டுக்கு மேல். கட்டடத்துக்கு ஒரே ஒரு சரியான தேதி உண்டு, அது பிறந்த தேதி என்று தீர்மானிப்பது, நாவலில் முதல் அத்தியாயத்தை வைத்துக்கொண்டு மீதியைக் கிழித்துப் போடுவதாகும். கல்லூரிக்காரர்கள் எழுப்பிய சுவரில் ஒன்றையாவது விட்டுவைத்திருக்கலாம். வரிக் குத்தகைக்காரரின் டம்பத்துக்கு உள்ள மரியாதை, பையன்கள் சாய்ந்து தேய்த்த சுவருக்கு ஏன் இல்லை?

இந்த விஷயத்தில் ரோலான் சிமூனே எனக்குப் பிடித்தவர். மாளிகையைப் பிக்காஸோ மியூஸியமாக்கும் வேலை அவரிடம் வந்தது. பழசைப்போல் நடிக்காமல், வெள்ளை வெளேரென்ற சாய்தளங்களையும் சுவர்களையும் இந்தக் காலத்துப் பொருளாகவே உள்ளே வைத்தார். விளக்குகளையும் நாற்காலிகளையும் தியேகோ ஜியாகொமெத்தி செய்து கொடுத்தார். 1985-ல் திறந்தார்கள், நெடுநாள் மூடிப் புதுப்பித்து 2014-ல் மறுபடி திறந்தார்கள்.

படங்கள் வந்த வழியையும் சொல்ல வேண்டும். 1968-ஆம் வருஷக் கடைசியில் வந்த சட்டம் ஒன்றின்படி, வாரிசுகள் சொத்து வரியைப் பணமாக அல்லாமல் கலைப் பொருள்களாகச் செலுத்தலாம். அப்போது கலாசார மந்திரி, நாவலாசிரியர் மால்ரோ. 1973-ல் பிக்காஸோ இறந்தார். 1979-ல் குடும்பத்தார் கொடுத்தவற்றில் 203 ஓவியங்களும் 158 சிற்பங்களும் இருந்தன. அவ்வளவும் வரிப் பாக்கி. உப்பு வரியில் எழுந்த சுவர்களில்தான் அவற்றை மாட்டினார்கள்.