நகையும் வறுமையும்: எட்டாம் எண்ணின் சிறுவன்

நகைக்கு நிலைக்களன்களாக இளமையையும் பேதைமையையும் கூறிய தொல்காப்பிய மெய்ப்பாட்டியல், வறுமையை அழுகைக்கு நிலைக்களனாக வைத்தது. இம்மூன்றும் ஒரு பாத்திரத்தின்கண் ஒருங்கு அமையுமாயின் காண்பார் நகுவரோ, அழுவரோ என்பது ஆராயத்தக்கது. மெக்சிக்கோ நாட்டுத் தொலைக்காட்சியில் 1973 முதல் 1980 வரை தனித்தொடராக நிகழ்ந்த 'எல் சாவோ டெல் ஓச்சோ' இதற்கு நல்லதோர் இலக்கியமாகும். சாவோ என்பது தமிழ்ச் செவிக்கு இன்னாதாக ஒலிப்பினும், அந்நாட்டு வழக்கில் 'சிறுவன்' என்பதே அதன் பொருள். அவனது இயற்பெயர் இறுதிவரை சொல்லப்படுவதில்லை.

பல குடிகள் ஒரு முற்றத்தைச் சூழ்ந்து ஒண்டுக்குடித்தனம் நடத்தும் மனையே நாடகக் களம். அம்முற்றத்துப் பீப்பாய் சாவோவின் புகலிடம். தாய் தந்தையர் இல்லை, உணவுக்கும் உறுதியில்லை. எட்டு என்னும் எண் முதற்கண் இந்நாடகத்தை ஒளிபரப்பிய எட்டாம் அலைவரிசையையே சுட்டிற்று. பின்னர் வேறு அலைவரிசைக்கு மாறவே, அவன் எட்டாம் எண் வீட்டில் உறைபவன் என்று கதைக்குள்ளேயே விளக்கம் கண்டனர். ஆயினும் அவ்வீட்டின் அகம் நமக்குக் காட்டப்படவில்லை. காட்டியிருப்பின் பாத்திரம் பாதி அழிந்திருக்கும் என்பது என் துணிபு.

இச்சிறுவனைப் படைத்து, தாமே நடித்தவர் ரொபெர்த்தோ கோமெஸ் பொலானியோஸ் (1929–2014). தொடர் தொடங்கியபோது அவர் அகவை 44. இதனை நடிகர் பற்றாக்குறை என்றோ வெறும் கோமாளித்தனம் என்றோ கொள்ளுதல் பொருந்தாது. அண்டைவீட்டு டோன் ராமோன் சினந்து சாவோவின் தலையிற் குட்டுகின்றார். அவன் பீப்பாய்க்குள் நின்று விசும்புகின்றான். குட்டுப்படுவது மெய்யாகவே ஒரு குழந்தையின் தலையாயின், அக்கணமே நகை நீங்கி அழுகை தோன்றும். முதியவர் உடலே இங்கு நகையைக் காக்கும் வேலியாக நிற்கின்றது.

ஸ்பானிய மொழியில் பசித்த சிறுவன் புதியவன் அல்லன். 1554இல் அச்சேறிய லாசரில்லோவின் கதையில் அவனைக் காண்கிறோம். ஆனால் லாசரில்லோ தன் தலைவர்களை ஏய்த்து உண்ணக் கற்றவன். பசி அவனுக்குச் சூழ்ச்சியைப் பயிற்றியது. சாவோவுக்கோ பசி எதனையும் பயிற்றவில்லை. பன்றியிறைச்சி வைத்த ரொட்டியை நினைந்து ஏங்குவதே அவன் செயல். 1950இல் லூயிஸ் புனுவெல் எடுத்த திரைப்படம் மெக்சிக்கோ நகரத்து ஏழைச் சிறுவரைக் கொலைவரை கொண்டுசென்றது. அவ்வழியையும் இந்நாடகம் மேற்கொள்ளவில்லை.

நகை முற்றும் பின்வாங்கும் இடம் ஒன்று உண்டு. மனையிற் பொருள்கள் களவுபோகவே, ஏதிலியாகிய சாவோ மேலேயே பழி விழுகின்றது. அவன் சிறு மூட்டையுடன் வெளியேறுகின்றான். மெய்க்கள்வன் பெயர் உர்த்தாடோ. 'களவாடப்பட்டது' என்னும் பொருள் தரும் பெயர் அது. இப்பெயர் விளையாட்டு அவ்விடத்தின் துயருக்குச் சற்றே மிகை எனலாம். இல்லாதவனையே முதலில் ஐயுறும் உலகியல்பை மட்டும் நாடகம் பிழையின்றிக் காட்டிற்று.

குறை வேறிடத்தில் உள்ளது. வாடகை கேட்டு வரும் மனைக்குரியவரை, அவர் நுழையுந்தோறும் சாவோ அறியாது அடித்துவிடுகின்றான். வேண்டுதலையும் வேண்டாமையையும் ஒரே தொடரிற் பிணைத்து மன்னிப்பும் கேட்கின்றான். இல்லான் கைபட்டு உடையான் வீழ்தலின் உவகையை எந்நாட்டாரும் அறிவர். எனினும் அவ்வுடையவரே அருளாளராகவும் ஆக்கப்படுகின்றார். எல்லாரும் அக்கப்புல்கோ கடற்கரைக்குச் சென்றுவிட, முற்றத்தில் தனித்து நிற்கும் சிறுவனை உடனழைத்துச் செல்பவர் அவரே. காட்சி உருக்கமானதே; ஆயினும் வறுமைக்குக் காரணம் யாது என்னும் வினா அங்கே கரைந்து போகின்றது. டோன் ராமோன் செலுத்தவேண்டிய 14 திங்கள் வாடகையோ, ஆண்டுகள் பல கழிந்தும் 14 திங்கள் வாடகையாகவே நிற்கின்றது.