பனியில் ஒரு குழி

பெரணமல்லூர்க்காரனுக்குக் குழி புதிதல்ல. குழித்தறியில் காலை இறக்கி உட்கார்ந்து, பாவில் ஓர் இழை தளர்ந்தாலும் விரல்நுனியில் கண்டுகொள்ளும் பட்டு நெசவாளிகளைப் பார்த்து வளர்ந்தவன் நான். காஷ்மீரின் குல்மார்க்கில் ஒருவர் பனியில் குழி வெட்டி இறங்கியபோது அதே விரல்களை அங்கே கண்டேன். குளிர் மறந்து நின்றுவிட்டேன்.

அவர் ஸ்கீ பட்ரோல்காரர். சறுக்க வருகிறவர்களின் உயிருக்குக் காவல். குல்மார்க் கோண்டோலா என்னும் கம்பிவட ஊர்தியின் இரண்டாம் கட்டம் 2005இல் ஓடத் தொடங்கியதிலிருந்து, சுமார் 3,950 மீட்டர் உயரத்தில் அஃபர்வட் சரிவில் யாரும் சில நிமிடங்களில் போய் இறங்கலாம். ஏறத்தான் எளிது. சறுக்கி இறங்குவது அதே பழைய இமயமலையில்தான்.

குழி மார்பளவு. சுவரை மண்வாரியால் வழவழவென்று சீவியதும் அடுக்குகள் தெரிகின்றன. முதலில் முஷ்டியால் அழுத்துகிறார். உள்ளே போகவில்லையா, நான்கு விரல். பிறகு ஒரு விரல், பென்சில், கடைசியில் கத்தி. எது நுழைகிறதோ அதுவே அந்த அடுக்கின் இறுக்கத்துக்கு அளவுகோல். அடுத்து, 30 சென்டிமீட்டர் சதுரத்தில் ஒரு பனித்தூணைப் பிரித்து நிறுத்தி, தலையில் மண்வாரியை வைத்துத் தட்டுகிறார். மணிக்கட்டை மட்டும் அசைத்து 10 தட்டு, முழங்கையிலிருந்து 10, தோளிலிருந்து 10. முழங்கைத் தட்டு மூன்றாவதில், தூணின் மேல்பாதி மேசை இழுப்பறை போல வழுக்கி முன்னால் வந்தது. வழுக்கிய இடத்திலிருந்து ஒரு சிட்டிகை அள்ளி என் உள்ளங்கையில் போட்டார். சர்க்கரை மாதிரி, ஒன்றோடொன்று ஒட்டாமல் உருளும் பனிமணிகள்.

தரையோரம் வெதுவெதுப்பாகவும் மேற்பரப்பு கடுங்குளிராகவும் இருக்கும் நாட்களில், பனிக்குள் மேலேறும் நீராவி மணிகளை இப்படி உதிரியாக்கிவிடும். அதன்மேல் புதுப்பனி பலகையாக இறுகினால், 30 முதல் 45 டிகிரிச் சரிவில் ஓர் ஆளின் எடை போதும். பலகை மொத்தமும் கழன்று பாயும். புதைந்தவர்களை 10 நிமிடத்துக்குள் தோண்டியெடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைப்பார்கள். அரை மணி ஆனால் மூன்றில் ஒருவர்தான். 2023 பிப்ரவரி 1 அன்று இதே அஃபர்வட் மலையில் பனிச்சரிவு போலந்துக்காரர் இருவரைக் கொண்டுபோனது; 19 வெளிநாட்டவர் மீட்கப்பட்டார்கள்.

அமெரிக்காவில் இந்தத் தொழில் தேசிய அமைப்பாக உருவெடுத்தது ஒரு வலியிலிருந்துதான். 1936இல் அந்நாட்டின் ஸ்டோ ஊர் மலைச்சரிவில் மின்னி டோல் என்பவர் கணுக்கால் முறிந்து பனியில் கிடந்தார். நண்பர்கள் கூரைத் தகரம் ஒன்றில் வைத்துத்தான் அவரை இழுத்து வந்தார்கள். அவரே 1938இல் அந்நாட்டின் தேசிய ஸ்கீ பட்ரோலை உருவாக்கினார். இன்று அந்தத் தகரத்தின் இடத்தில் சறுக்குப் படகு. முன்கைப்பிடிகளுக்கு நடுவே நின்று, முதுகைத் தள்ளும் எடையை ஸ்கீயின் ஓரத்தால் தடுத்து, படுத்திருப்பவர் உடம்பு அலுங்காமல் இறக்குவதைப் பார்ப்பது தேர்ந்த நடனத்தைப் பார்ப்பதுபோல.

ஆனால் நான் தலைவணங்குவது அதற்கும் முந்தைய ஒரு சொல்லுக்கு: "இன்று இந்தச் சரிவு கிடையாது." காசு செலவழித்து, கடல் தாண்டி வந்து நிற்பவர்கள் முகம் சுருங்குவதைப் பார்த்துக்கொண்டே கயிறு கட்ட வேண்டும். கட்டியதால் பிழைத்தவர் யாரென்று அவருக்கும் தெரியாது, பிழைத்தவருக்கும் தெரியாது. அறுந்த இழையை நெசவாளி பிணைத்த இடம் புடவை கட்டுகிறவருக்குத் தெரியாததுபோல.

அன்று குறிப்பேட்டை மூடியதும் கிளம்பிவிடுவார் என்று நினைத்தேன். கிளம்பவில்லை. யாராவது சறுக்கி வந்து விழுந்துவிடக் கூடாதே என்று, வெட்டிய குழியை வாரி வாரி மூடி, மேலே தட்டிச் சமன்படுத்தினார். பிறகுதான் கயிற்றுச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டார்.