பாட்டியின் பச்சையும் பேரனின் டாட்டூவும்

கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டக் குடும்பங்களின் பழைய படங்களில், கப்பலேறி வந்த முதல் தலைமுறைப் பாட்டிகளை இரண்டு அடையாளங்களால் கண்டுகொள்ளலாம். ஒன்று, பாம்படம் சுமந்து தோள்வரை தொங்கிய காது. மற்றொன்று, முன்கையில் மங்கிக் கிடக்கும் பச்சைக் கோலம். அதே குடும்பத்தில் மகன் பத்துமலையில் கன்னத்தில் அலகு குத்திக் காவடி எடுத்தவராக இருப்பார். பேரன் கையிலோ வேலும் மயிலும், அல்லது அம்மாவின் பெயர், கறுப்பு மையில் பளிச்சென்று தெரியும். மூவர் உடலிலும் பட்டது ஊசிதான். ஆனால் பாட்டியின் பச்சையை 'அந்தக் காலத்து வழக்கம்' என்கிறார்கள். அப்பாவின் அலகை 'நேர்த்திக்கடன்' என்கிறார்கள். பேரனின் டாட்டூவை மட்டும் 'ரௌடித்தனம்' என்று ஒதுக்குகிறார்கள்.

இந்தத் தீர்ப்பில் நியாயம் எவ்வளவு, பழக்கதோஷம் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க மூன்று கேள்விகள் போதும். முடிவெடுத்தது யார்? மனம் மாறினால் திரும்பி வர வழி உண்டா? குத்திய கை தெரிந்த கையா, சுத்தமான கையா?

பாட்டியின் பச்சையிலிருந்து தொடங்கலாம். தமிழ்நாட்டுக் கிராமங்களில் குறவர் இனப் பெண்கள் ஊர் ஊராகச் சென்று பச்சை குத்தினார்கள். விளக்குக் கரியை இலைச்சாற்றில் குழைத்து, ஊசியால் தோலில் ஏற்றினார்கள். சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன் 1906-இல் வெளியிட்ட தென்னிந்திய இனவியல் குறிப்புகளில் இந்தத் தொழிலைப் பதிவு செய்திருக்கிறார். வாசலில் போடும் சிக்குக் கோலத்துக்கும் கையில் குத்தும் பச்சைக்கும் உள்ள உறவை ஆராய்ந்து ஜான் லேயார்டு 1937-இல் 'ஃபோக்லோர்' இதழில் எழுதினார். அடுத்த ஆண்டே, 1938-இல், மலாயாத் தோட்டங்களுக்கு ஆள் அனுப்புவதை இந்திய அரசு நிறுத்தியது. கங்காணி அழைத்துவரும் ஆள்வரத்து அறுந்ததும் பச்சையும் தேய்ந்தது. இங்கே பிறந்த பெண்களின் கைகள் பெரும்பாலும் வெறுமையாகவே வளர்ந்தன.

பச்சையின் சிறப்பை இன்றைக்கும் குறைத்து மதிப்பிட முடியாது. தங்கம் வாங்க வழியில்லாத பெண்ணுக்கு அது அழியாத நகை. கழற்றி அடகு வைக்க முடியாதது. செத்த பிறகும் கூடவே வருவது என்ற நம்பிக்கை அதற்குப் பின்னால் இருந்தது. கணவன் பெயரை வாயால் சொல்லக்கூடாத காலத்தில் அந்தப் பெயரைக் கையில் தாங்கியவர்களும் உண்டு. குறையும் அதே இடத்தில்தான் இருக்கிறது. பெரும்பாலும் விவரம் தெரியாத வயதில், பெரியவர்கள் பிடித்து உட்காரவைத்துக் குத்திய குறி அது. ஒரே ஊசி எத்தனை கைகளுக்குப் போனது என்று யாரும் கணக்கு வைக்கவில்லை.

காது குத்துக்கும் இதே அளவுகோலை வைத்தால் ஒரு வியப்பு காத்திருக்கிறது. தாய்மாமன் மடியில் குழந்தையை உட்காரவைத்து, தோட்டத்து மாரியம்மன் கோயிலில் மொட்டையடித்துக் காது குத்துவது இன்றும் நடக்கிறது. குழந்தையின் சம்மதம் கேட்க வழியில்லை என்பது உண்மையான ஆட்சேபம். ஆனால் 2005-இல் 'பீடியாட்ரிக்ஸ்' மருத்துவ இதழில் வந்த ஒரு சிறிய ஆய்வு, 11 வயதுக்குப் பின் காது குத்திக்கொள்பவர்களுக்குக் கீலாய்டு என்னும் தடித்த தழும்பு வர வாய்ப்பு அதிகம் என்றது. கறுத்த தோலுள்ளவர்களுக்குக் கீலாய்டு கூடுதலாக வரும் என்பதால் தமிழர்களுக்கு இது பொருந்தும் செய்தி. காதின் கீழ்மடலில் இட்ட சிறு துளை, தோடு போடாமல் விட்டால் பெரும்பாலும் சுருங்கிவிடும். ஆக, சம்மதம் இல்லாவிட்டாலும் திரும்பி வர வழியுள்ள குறி இது. இன்றைய பிள்ளைகள் காதின் மேல்மடலில் வரிசையாகக் குத்திக்கொள்வதற்கு இந்த வசதி கிடையாது. அங்கே இருப்பது குருத்தெலும்பு. ரத்த ஓட்டம் குறைவு. சீழ் பிடித்தால் காதின் வடிவமே கெடலாம்.

அலகுக்கு வருவோம். பத்துமலையில் 1892 முதல் தைப்பூசம் கொண்டாடப்படுகிறது. ஈஜோக், ஜெராம், புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டங்களுக்கு அது வெகுதூரம் இல்லை. தோட்டத்து ஆடித் திருவிழாக்களிலும் அலகு உண்டு. மருத்துவமனையில் கிடந்த பிள்ளை பிழைத்ததற்காக, தேர்வில் தேறியதற்காக என்று ஒவ்வோர் அலகுக்குப் பின்னாலும் ஒரு வேண்டுதல் இருக்கும். நாக்கில் வேல் தாங்குவது மௌன விரதத்தின் அடையாளம். விரதமிருந்து உடலையும் மனதையும் பழக்கிக்கொண்டு, உறவினர் சூழ நின்று, அனுபவமுள்ள ஒருவர் கையால் குத்திக்கொள்வது வழக்கம். காயம் சில நாட்களில் ஆறிவிடும். முதல் இரண்டு கேள்விகளிலும் அலகு தேறுகிறது.

எதிர்ப்பும் பழையதுதான். சிங்கப்பூரில் 1932-இல் உருவான தமிழர் சீர்திருத்தச் சங்கமும், அதில் முன்னின்ற கோ. சாரங்கபாணியும் காவடி, தீமிதி போன்றவற்றை மூடப்பழக்கம் என்று சாடினார்கள். இன்று மலேசிய இந்து சங்கம் அலகை மறுப்பதில்லை. பக்தியோடு தொடர்பில்லாத கோரக் காட்சிகள் வேண்டாம் என்கிறது. நியாயமான கவலை இது. கூட்டம் பார்க்கப் பார்க்கக் கொக்கிகளின் எண்ணிக்கை ஏறினால், வேண்டுதல் பின்னுக்குப் போய்ப் போட்டி முன்னுக்கு வந்துவிடும். பதின்ம வயதுப் பையன் நண்பர்களின் உசுப்பலில் அலகு குத்திக்கொண்டால், அது அவன் எடுத்த முடிவுதானா என்ற கேள்வியும் எழும்.

இனி டாட்டூ. பெரியவர்களின் அச்சத்துக்கு வரலாறு இருக்கிறது. மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-இல் பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகே, தென்னமரம் தோட்டத்தில் தொடங்கியது. பின்னாளில் ரப்பர் இருந்த இடங்களிலும் செம்பனை பரவியது. செம்பனைக்கு ரப்பரைவிடக் குறைந்த ஆட்கள் போதும். பல தோட்டங்கள் மேம்பாட்டுக்கும் விற்கப்பட்டன. லயத்து வீடுகளைக் காலி செய்தவர்கள் அடுக்குமாடிகளுக்கும் தாமான்களுக்கும் போனார்கள். கோயிலும் பள்ளியும் பந்துத் திடலும் ஒரே கூப்பிடு தூரத்தில் இருந்த வாழ்க்கை கலைந்தது. நகர விளிம்பில் தனித்து நின்ற பையன்களுக்கு 'நம்ம ஆளு' என்று கைகொடுத்தவை பல இடங்களில் குண்டர் கும்பல்கள். 2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. உறுப்பினர் 40,313 பேரில் 28,926 பேர் இந்தியர் என்றது அந்தக் கணக்கு. அந்தக் கும்பல்களில் பல எண்களையே பெயராகக் கொண்டவை. அந்த எண்கள் தோலிலும் ஏறியபோது, டாட்டூ என்றாலே கும்பல் என்ற எண்ணம் அம்மாக்கள் மனதில் ஊன்றிவிட்டது.

அந்த எண்ணம் எல்லோரையும் ஒரே கூடையில் போடுகிறது என்பதுதான் இளையோரின் மனத்தாங்கல். இறந்த தாயின் பெயரைத் தமிழில் எழுதிக்கொண்டவனும் கும்பல் எண் குத்தியவனும் ஒன்றா? சரவாக் ஈபான் மக்கள் தோளில் குத்தும் 'புங்கா தெரோங்' என்னும் கத்தரிப்பூவை இந்த நாடு பண்பாட்டுச் செல்வமாகவே காட்டுகிறது. இருந்தும், கோலாலம்பூரில் 2019 நவம்பர் இறுதியில் நடந்த டாட்டூ கண்காட்சி, அரைநிர்வாணப் படங்கள் வெளியாகி அமைச்சரின் கண்டனத்தில் முடிந்தது.

இளையோர் பக்கம் ஒன்று உறுதியாக நிற்கிறது: வயது வந்தபின், தானே யோசித்து, தன் காசில் குத்திக்கொள்ளும் டாட்டூ, மூன்று தலைமுறைக் குறிகளில் தன் விருப்பத்துக்கு அதிக இடம் தருவது. முதல் கேள்வியில் பாட்டியின் பச்சையை அது வெல்கிறது.

இரண்டாம் கேள்வியில்தான் அது சறுக்குகிறது. லேசர் கொண்டு அழிக்கலாம் என்பது அரை உண்மை. பல தடவை போக வேண்டும், செலவு அதிகம், கறுத்த தோலில் நிறம் மாறும் அபாயமும் உண்டு. காவல்துறையும் ராணுவமும் ஆளெடுக்கும்போது பச்சை குத்தியவர்களைப் பொதுவாக ஏற்பதில்லை. வசதியான வீட்டுப் பிள்ளைக்கு இது ஒரு கதவு மூடியதாக இருக்கலாம். தோட்டத்துப் பிள்ளைக்குச் சீருடை வேலை என்பது நிலையான சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் உள்ள மிகச் சில கதவுகளில் ஒன்று. பதினாறு வயதில் போட்ட எண், இருபதில் திருந்தி வந்தவனையும் வாசலிலேயே நிறுத்திவிடுகிறது.

மூன்றாம் கேள்வியில் மூன்று தலைமுறையும் ஒரே படகில்தான். ஊசி வழியே பரவும் ஹெப்பட்டைட்டிஸ் பி நோய்க்கு 1989 முதல் மலேசியாவில் பிறந்த குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுகிறார்கள். ஹெப்பட்டைட்டிஸ் சி-க்குத் தடுப்பூசியே இல்லை. முறையான கடையில் புது ஊசி, புது மை, கையுறை எல்லாம் உண்டு. நண்பன் வீட்டு அறையில் இணையத்தில் வாங்கிய இயந்திரத்தால் குத்துமிடத்தில் அவற்றுக்கு உத்தரவாதம் இல்லை. கோயிலில் அலகு குத்துபவருக்கும் பயிற்சியும், ஆளுக்கொரு கிருமி நீக்கிய வேலும் கட்டாயமாக வேண்டும். ஊராட்சி மன்றங்கள் டாட்டூ கடைகளைச் சோதிப்பதும், ஆலய நிர்வாகங்கள் அலகு குத்துபவர்களைப் பதிவு செய்வதும் ஒரே நோக்கமுள்ள வேலைகள்.

ஏற்கனவே குத்திக்கொண்டவர்களுக்கு, எந்த ஊசியானாலும், இன்னொரு வழி திறந்திருக்கிறது. ஹெப்பட்டைட்டிஸ் சி மருந்தைக் குறைந்த விலையில் பெற மலேசிய அரசு 2017-இல் காப்புரிமைச் சட்டம் அரசுக்குத் தரும் உரிமையைப் பயன்படுத்தியது. 2018 முதல் அரசு மருத்துவமனைகளில் சிகிச்சை இலவசமாகக் கிடைக்கத் தொடங்கியது. பல ஆண்டுகள் அறிகுறியே காட்டாமல் கல்லீரலை அரிக்கும் நோய் இது. பேரனின் கையைப் பார்த்துத் திட்டும் அப்பா, அவனை அழைத்துக்கொண்டு அருகிலுள்ள அரசாங்கக் கிளினிக்குக்குப் போய், இருவரும் சேர்ந்தே ரத்தம் கொடுத்துச் சோதித்துக்கொள்ளலாம். அலகு குத்திய கன்னத்துக்கும் அந்தச் சோதனை தேவைதான்.