மூன்று கட்டங்களுக்குள் அடங்காத ஊர்

மலேசியாவில் பாரம் நிரப்பிப் பழகியவர்களுக்கு அந்தக் கட்டங்கள் தெரியும்: மலாய்க்காரர், சீனர், இந்தியர், மற்றவர். ஜொகூர் பாருவைச் சுற்றிப் பார்க்க வருபவர்களும் பெரும்பாலும் அதே கட்டங்களோடுதான் வருகிறார்கள். ஒரு பள்ளிவாசல், ஒரு சீனக் கோயில், ஒரு மாரியம்மன் கோயில். மூன்றையும் படம்பிடித்துக்கொண்டு பாலம் கடந்து சிங்கப்பூர் திரும்பிவிடுகிறார்கள். இந்த ஊரின் பன்மையோ அந்தக் கட்டங்களுக்கு உள்ளே இருக்கிறது. அதைக் காண ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தால் போதும்: இவர்களை இந்தத் தெருவுக்குக் கூட்டிவந்த வேலை எது?

தொடங்குவதற்கு ஜாலான் துருஸ் நல்ல இடம். அங்கே உயரக் கட்டடங்களுக்கு நடுவே தாழ்ந்த கூரையோடு பழைய சீனக் கோயில் இருக்கிறது. உள்ளே 1870ஆம் ஆண்டுப் பலகை ஒன்று தொங்குகிறது. சந்நிதியில் ஐந்து தெய்வங்கள். தியோச்சியூ, ஹொக்கியென், ஹக்கா, கன்டோனீஸ், ஹைனானீஸ் என்று மொழிக்குழுவுக்கு ஒரு தெய்வம். ஒருவர் பேசுவது மற்றவருக்கு எளிதில் புரியாத ஐந்து கூட்டங்கள் ஒரே கூரையின் கீழ் கும்பிடுவது சாதாரணச் செய்தியல்ல. கடல் தாண்டியிருக்கும் சிங்கப்பூரில் இந்தக் குழுக்கள் பெரும்பாலும் தமக்கெனத் தனிக் கோயில்கள் எழுப்பிக்கொண்டன.

இங்கே மட்டும் ஏன் இப்படி? விடை காட்டுக்குள் இருக்கிறது. 1855இல் ஜொகூர் ஆட்சியாளர் தெமெங்கோங் இப்ராஹிம் தஞ்சோங் புத்ரி என்ற பெயரில் இந்த ஊரை நிறுவுவதற்கு முன்பே, ஆற்றங்கரைகளை மிளகும் காம்பிரும் பயிரிடச் சீனர்களுக்கு எழுதிக்கொடுக்கத் தொடங்கிவிட்டார். காம்பிர் என்பது வெற்றிலையோடு சேர்த்து மெல்லும் காசுக்கட்டி போன்ற பொருள். ஐரோப்பாவில் தோல் பதனிட அதற்குப் பெரும் கிராக்கி. அதன் இலையைக் காய்ச்சி எடுத்தபின் மிஞ்சும் சக்கை மிளகுக்கொடிக்கு உரமாகும். காய்ச்சுவதற்கு விறகு வேண்டும், விறகுக்குக் காடு வேண்டும். இப்படி ஆற்றுக்கு ஆறு காடு திருத்தப்பட்டது. ஒவ்வோர் ஆற்றுக்கும் ‘கங்சூ’ எனப்பட்ட தலைவர் ஒருவர் இருந்தார். கங்கார் பூலாய், கங்கார் தெப்ராவ் என்ற இடப்பெயர்கள் அந்தக் காலத்துச் சாட்சிகள். அடுத்து ஆண்ட அபு பக்கார் ஜொகூரில் ஙீ ஹெங் என்ற ஒரே சீனச் சங்கத்துக்குத்தான் அனுமதி தந்தார். கோஷ்டிச் சண்டைக்கு இடம்தராமல் எல்லாரையும் ஒரே சங்கத்துக்குள் கொண்டுவந்த அந்த ஏற்பாட்டின் முகம்தான் இந்தக் கோயில்.

அதை உயிரோடு பார்க்கச் சீனப் புத்தாண்டின் முதல் மாதத்தில் வரவேண்டும். 21ஆம் நாள் இரவு ஐந்து தெய்வங்களும் பல்லக்கேறி ஊர்வலம் போகும். பல்லக்கைக் குலுக்கியபடி “ஹுவாட் ஆ!” என்று குரல் எழும்பும்போது, தேர்த்திருவிழா பார்த்து வளர்ந்த எவருக்கும் உடல் சிலிர்க்கும். எந்தப் பல்லக்கின் பின்னே எந்தக் குழு வருகிறது என்று கவனிப்பதே அந்த இரவின் சுவை.

ஊரின் பழைய தெருக்கள் சிலவற்றின் பெயர்களும் இந்தப் பிரிவுகளைச் சொல்லும். தான் ஹியோக் நீ, தியோச்சியூ தலைவர். வோங் ஆ ஃபூக், 1866இல் இஸ்தானா பெசார் அரண்மனையைக் கட்டிய கன்டோனீஸ் குத்தகையாளர். பிந்தி வந்த ஹைனானீஸ் மக்களுக்கு நிலமும் வணிகமும் அதிகம் மிஞ்சவில்லை. அவர்களில் பலர் வெள்ளைக்காரர் வீட்டுச் சமையலறைகளுக்குப் போனார்கள். கோப்பிக் கடையும் ரொட்டியும் அவர்கள் கைக்கு வந்த வழி அதுதான். 1919இல் தொடங்கிய ஹியாப் ஜூ பேக்கரி இன்றும் விறகடுப்பில் வாழைப்பழக் கேக் சுடுகிறது. கொஞ்சதூரத்தில் ஜாலான் டோபியில், 1937 முதல் நடக்கும் இந்திய முஸ்லிம் கடையான சலாஹுத்தீன் பேக்கரி. காலையில் இரண்டிலும் வாங்கிப் பசியாறினால் நகரின் இரண்டு குடியேற்ற வரலாறுகளை ஒரே நடையில் ருசிபார்க்கலாம்.

சீனக் கோயிலுக்கு அருகில், ஜாலான் உங்கு புவானில், 1911இல் தோன்றிய ராஜமாரியம்மன் தேவஸ்தானம். ஜாலான் துருஸிலேயே குருத்துவாரா. தமிழ் வாசகர் இங்கே ‘இந்தியர்’ என்ற தம் சொந்தக் கட்டத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காம்பிர் போய் ரப்பர் வந்தது. பால்மரம் சீவக் கங்காணிகள் கூட்டிவந்தவர்கள் தமிழகத்துக் கிராமத்தார். அவர்களோடு தெலுங்கரும் வந்தார்கள். கணக்கெழுதும் கிராணி வேலையில் மலையாளிகளும் யாழ்ப்பாணத் தமிழரும் அமர்ந்தார்கள். ரயில்வே அலுவலகங்களிலும் யாழ்ப்பாணத்தார் நிறைய. ஒரே தோட்டத்தில் லயத்து வீட்டுக்கும் கிராணி வீட்டுக்கும் இருந்த தொலைவு பெரிது. அந்தத் தொலைவையும் சேர்த்து அறிந்தால்தான் இந்தியர் வரலாறு முழுமையாகும்.

அந்தத் தோட்டங்கள் இன்று தாமான்கள் எனப்படும் குடியிருப்புகள். காப்பிக் கடைகளுக்குப் பேர்போன மவுண்ட் ஆஸ்டின் ஒருகாலத்தில் ரப்பர்த் தோட்டம். மரங்கள் போன பிறகும் சில தமிழ்ப்பள்ளிகள் தோட்டத்தின் பெயரை விடாமல் சுமக்கின்றன. ஸ்கூடாய் பக்கம் முத்தியாரா ரினியில் உள்ள ரினி தோட்டத் தமிழ்ப்பள்ளி ஓர் எடுத்துக்காட்டு. பெயர்ப்பலகைகளை வாசித்துக்கொண்டே போகிறவருக்கு, நடந்துபோகும் தார்ச்சாலை எதன்மேல் போடப்பட்டது என்பது தெரிந்துவிடும்.

மலாய்க்காரர் என்ற கட்டத்தைத் திறக்கச் சாப்பாட்டு மேசை போதும். நாசி அம்பெங், தெம்பே, சோத்தோ ஆகியவை ஜாவாவிலிருந்து வந்தவை. காச்சாங் பூல் அரபு நாட்டு அவரைக் குழம்பின் உறவு. லக்சா ஜொகூரில் அரிசிச் சேமியாவுக்குப் பதில் இத்தாலிய ஸ்பகெட்டி இருக்கும். பூகிஸ், பஞ்சார், ஹத்ராமி அரபு என்று வேறு வேறு கரைகளிலிருந்து வந்தவர்கள் இங்கே மலாய்க்காரர் ஆனார்கள். இதை ஒரே குடும்பத்தில் காணலாம். உதுமானிய அரண்மனையிலிருந்து ஜொகூருக்கு வந்த ருக்கையா ஹானிம் என்ற சிர்க்காசியப் பெண்மணி வெவ்வேறு காலங்களில் மூன்று பேரை மணந்தார்: அபு பக்காரின் தம்பி, ஜொகூரின் முதல் மந்திரி பெசார் (முதலமைச்சர்) ஜாஃபார், ஹத்ராமி வணிகர் ஒருவர். 1946இல் அம்னோ கட்சியை நிறுவிய ஓன் ஜாஃபார் அவர் மகன். பொருளியலறிஞர் உங்கு அஜீஸும் தத்துவ அறிஞர் நகிப் அல்-அத்தாஸும் அவர் பேரர்கள். மலாய் அரசியலையும் அறிவுலகையும் வடித்த மூவரின் வேர் ஒரே சிர்க்காசியப் பெண்மணியில் வந்து சேர்கிறது.

‘மற்றவர்’ என்ற கடைசிக் கட்டத்தை எவரும் தவறவிடக் கூடாது. தொழிற்பேட்டைப் பக்கம் ஞாயிற்றுக்கிழமைகளில் நேபாளியும் வங்காளியும் காதில் விழும். ஆனால் இங்கே எல்லாருக்கும் முன்பிருந்தவர்கள் ஓராங் செலேத்தார். ஒருகாலத்தில் தெப்ராவ் நீரிணையில் படகையே வீடாகக் கொண்டு வாழ்ந்த கடல்மக்கள் அவர்கள். இன்று சுங்கை தெமோன், பாக்கார் பத்து போன்ற, கம்பம் எனப்படும் கரையோரச் சிற்றூர்களில் நண்டும் மட்டியும் பிடித்து வாழ்கிறார்கள். நகரம் கடலை மண்போட்டு நிரப்ப நிரப்ப அவர்களுடைய கண்டல் காடும் மீன்பிடி இடமும் சுருங்கிவருகின்றன. நீர் வற்றும் நேரம் பார்த்துக் கம்பத்துக்குப் போவது நல்லது. வலையோடு திரும்புகிறவர்களிடம் அன்றைய பாடு என்னவென்று கேட்டு, நண்டை அவர்களிடமே வாங்கலாம்.