நாகம்மாளின் இன்று

ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' 1942இல் வெளிவந்தது. தமிழின் முதல் வட்டார நாவல் என அதைப் போற்றுவோர் பெரும்பாலும் அதன் கொங்குப் பேச்சோடு நின்றுவிடுகின்றனர். அப்பேச்சின் அழகை நாமும் மறுக்கவில்லை. ஆயினும் அதனைக் காலத்தைப் பற்றிய நாவலாகப் படிப்பதே பொருத்தம் என்பது நம் துணிபு.

கதை சிறியது. கணவனை இழந்த நாகம்மாள் தன் மகளுடன், கொழுந்தன் சின்னப்பனின் குடும்பத்தோடு வாழ்கிறாள். நிலம் ஒன்று, உலையும் ஒன்று. ஒருநாள், பங்கைப் பிரித்துக் கொடு என்கிறாள். ஊரில் சிலர் எரியும் நெருப்பில் எண்ணெய் வார்க்கின்றனர். சின்னப்பனின் கொலையில் கதை முடிகிறது.

அந்த வீட்டில் அன்றாடச் சோற்றுக்குக் குறைவில்லை. சின்னப்பன் கொடியவன் அல்லன். அவன் மனைவி ராமாயியோ சாது. ஆனால் நாகம்மாள் உண்ணும் ஒவ்வொரு கவளத்திலும் வேறிரு காலங்கள் கலந்திருக்கின்றன. ஒன்று, கணவன் இருந்தபோது அவ்வீட்டில் தனக்கிருந்த அதிகாரம். மற்றொன்று, நாளை மகளோடு யார் வாசலில் நிற்பது என்ற அச்சம். கடந்தது நினைவாகவும், நிகழ்வது கவனமாகவும், வருவது எதிர்பார்ப்பாகவும் உள்ளத்தில் மட்டுமே இருக்கின்றன என்று புனித அகுஸ்தினார் தம் தன்வரலாற்று நூலின் 11ஆம் பகுதியில் ஆராய்கிறார். நாகம்மாளிடம் முதலும் மூன்றும் பெருத்து, நடுவிலுள்ளது நசுங்கிப்போகிறது. நாளையைப் பற்றிக் கவலைப்படாதே என்று அவளுக்கு அறிவுரை கூறுவது எளிது. பட்டா தம் பெயரில் உள்ளவர்களுக்கு இன்னும் எளிது.

அன்றைய சட்டத்தை இங்கு நினைவுகூர வேண்டும். பிரிக்கப்படாத குடும்பத்தில் மகனில்லாத விதவைக்கு உரியது ஜீவனாம்சமே. 1937ஆம் ஆண்டுச் சட்டம் கணவனின் பங்கில் அவளுக்கு வாழ்நாள் உரிமை தந்தது. ஆனால் அது விளைநிலத்துக்குப் பொருந்தாது என 1941இல் கூட்டாட்சி நீதிமன்றம் கூறிவிட்டது. சென்னை மாகாணம் 1947இல்தான் விளைநிலத்துக்கும் அவ்வுரிமையை நீட்டியது. முழுவுரிமை 1956இல் வந்தது. ஆகவே நாவல் வெளிவந்தபோது, நாகம்மாள் கேட்டது இனிமேல் வரவிருந்த ஒரு நியாயத்தை. அவளை அடங்காப்பிடாரி என ஊர் ஏசுவதில் அன்றைய வாசகர் ஒருவேளை உடன்பட்டிருக்கலாம். 1956ஐக் கையில் வைத்துக்கொண்டு படிக்கும் நமக்கு அது இயலவில்லை. பின்னால் வந்தது முன்னால் நடந்ததன் பொருளையே மாற்றிவிட்டது.

இதனால் அவளை உரிமைப் போராளியாக்கி மகிழ்வதும் பிழையே. சின்னப்பனும் 1956ஐ அறியாதவன்தான். தன் தந்தை காலத்து வழக்கத்தையே அவன் நம்பினான். சண்முகசுந்தரம் இருவரில் ஒருவர் பக்கமும் சாயவில்லை; நாவலின் பெருமையை நாம் அங்கேதான் காண்கிறோம்.

(கிறிஸ்தவப் பெண்களுக்கு 1925ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டம் பங்கு தருகிறது. எனினும் நம் குடும்பங்களிலும் திருமணமான சகோதரியிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவது புதிதன்று. வீட்டுமனை விலை ஏறியபின் அது எவ்வளவு அவசரமாக நடக்கிறது!)

கொலையோடு ஆசிரியர் எழுதுகோலை வைத்துவிடுகிறார். நாகம்மாளின் அந்தச் சிறு மகளுக்கு நிலம் கிடைத்ததா என்று நாவல் சொல்லவில்லை.